பனிநிலத்துக் கள உதவியாளரும் கிந்தாவின் நீர்ப்பறவைகளும்



மொழி வளர்ச்சிக்கென அமைந்த சொற்பொழிவு வரிசையில் பறவைகளைப் பற்றியும் பனிநிலத்தைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழக்கூடும். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். கண்டதைக் கண்டபடி சொல்லவும், சொன்னதை நாளை வருபவர் ஐயமின்றிப் புரிந்துகொள்ளுமாறு எழுதி வைக்கவும் ஒரு மொழியால் இயல வேண்டும். உயிரியல் ஆய்வுகள் பலவற்றுக்கும் முதல் எழுத்து எழுதப்படும் இடம் மழையில் நனைந்து மடங்கிய ஒரு சிறு குறிப்பேடு. அந்தக் குறிப்பேட்டைக் கையில் வைத்திருப்பவரைக் கள உதவியாளர் என்கிறோம். அவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். பல நேரங்களில் ஊதியம் பெறாத தன்னார்வலர். அவருடைய பணியைப் பற்றியும், அப்பணியில் தமிழுக்கு உள்ள இடத்தைப் பற்றியும் இன்று பேச விழைகிறோம்.

பத்து காஜாவில் அமர்ந்துகொண்டு துருவத்தை ஒட்டிய நிலத்தைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நம் பேராக் மாநிலத்தின் கோலா குலா சேற்றுவெளியில் சிறு பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. தமிழில் இவற்றை உள்ளான் என்பர். நம் மலாய் மீனவர் கெடிடி என்பர். பார்வைக்குச் சாம்பலும் பழுப்புமாக, ஒன்றுபோல் தோன்றும் பறவைகள். இவற்றுள் பல இனங்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வட விளிம்பில். தைமீர் தீபகற்பத்திலிருந்து நம் கடற்கரைக்கு நேர்கோட்டில் அளந்தாலும் 7,000 கிலோமீட்டருக்கு மேல். உப்புக்கொத்தி வகையைச் சேர்ந்த பசிபிக் பொன் உப்புக்கொத்தியும் அப்பனிநிலத்தில் பிறந்து நம் நாட்டிற்கு வருவதே. அது கடற்கரையோடு நில்லாமல் வயல்வெளிக்கும் திறந்த புல்வெளிக்கும் வந்துவிடும். ஆகவே நாம் பேசப் போவது அயலார் நிலம் என்றாலும், அங்கே நிகழ்வது நம் திடலில் வந்து இறங்குகிறது.

தூந்திரம் என்று தமிழ்ப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அச்சொல் வடகோடியில் வாழும் சாமி இன மக்களின் மொழியிலிருந்து உருசிய மொழி வழியாக உலகெங்கும் பரவியது. மரமற்ற மேட்டுநிலம் என்பது அதன் பொருள். பெயரிலேயே அந்நிலத்தின் இயல்பு அடங்கிவிட்டது. மண்ணுக்கடியில் ஆண்டு முழுவதும் உருகாத பனி. வேர் ஆழமாக இறங்க வழியில்லாததால் மரம் இல்லை. பாசியும் புல்லும் முழங்காலைத் தொடாத குறுஞ்செடியும் மட்டுமே. உருகிய நீர் கீழே இறங்க இயலாமல் மேலேயே தேங்குவதால் கோடையில் எங்கும் குட்டை, எங்கும் கொசு. பனி உருகிய சில கிழமைகளில் பூச்சிகள் பெருகித் தள்ளும். பகலவன் மறையாத அந்நாட்களில் பறவைக் குஞ்சுகள் நாள் முழுவதும் மேயலாம். இந்த விருந்துக்காகத்தான் உள்ளான்கள் உலகின் பாதியைக் கடந்து அங்கே செல்கின்றன. விருந்து ஏறத்தாழ இரண்டு மாதம். அதற்குள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு வளர்ந்து, பறந்து புறப்பட்டாக வேண்டும்.

அவ்வளவு குறுகிய காலத்தில் ஆய்வாளர் ஒருவர் தனியே என்ன செய்ய இயலும்? எனவேதான் உதவியாளர் தேவைப்படுகிறார். அவர் செய்யும் வேலைகளைச் சற்று விரிவாகச் சொல்வோம். கேட்பதற்கு அவை வியப்பாக இரா, பழகிய வேலைகளாகவே தோன்றும்.

முதல் வேலை கூடு தேடுவது. உள்ளானின் கூடு மரத்தில் இல்லை. தரையில் ஒரு குழிவு, அதில் நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி அடுக்கியபடி. முட்டையின் நிறமும் தரையின் நிறமும் ஒன்று. அருகில் நின்றாலும் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே இருவர் ஒரு நீண்ட கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, அது புல்நுனியை வருடிச் செல்லுமாறு இழுத்தபடி நடப்பர். கயிறு மேலே படும்போது அடைகாக்கும் பறவை சட்டென எழும். பின்னால் வருபவர் அது எழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்து சென்று கூட்டைக் காண வேண்டும். கண் இமைத்தால் இடம் தவறும். தவறினால், முட்டையின்மேல் கால் படவும் கூடும். இப்படி நாளெல்லாம், கிழமையெல்லாம், கொசு மொய்க்கும் வலைமுகமூடிக்குள் இருந்தபடி.

கூட்டைக் கண்டதும் அடுத்த கேள்வி: இம்முட்டைகள் இட்டு எத்தனை நாள் ஆயிற்று? அதை அறிய முட்டையை ஒரு சிறு கலத்து நீரில் இடுவர். புதிதாக இட்ட முட்டை அடியில் கிடையாகக் கிடக்கும். நாள் செல்லச் செல்ல அகன்ற முனை மேலெழுந்து முட்டை நிமிர்ந்து நிற்கும், பின்னர் மிதக்கும். அது நிற்கும் சாய்வைக் கொண்டு நாளைக் கணக்கிட்டு, குஞ்சு பொரியும் நாளையும் முன்கூட்டியே குறிப்பர். நம் வீட்டுப் பாட்டிமார் கோழிமுட்டையை நீரில் போட்டுப் பார்ப்பது எதற்கென்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதே அறிவுதான். ஆய்விதழில் அதற்கு ஒரு பெயரும் அளவுப்பட்டியலும் உண்டு என்பது மட்டுமே வேறுபாடு.

கனடாவின் அட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்னும் சிற்றூர் உள்ளது. வெண்கரடிகளுக்குப் பெயர்பெற்ற இடம். அதற்குக் கிழக்கே லா பெரூசு விரிகுடாவில் 1968ஆம் ஆண்டு பிரெட் குக் என்னும் பேராசிரியர் பனிவாத்துகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். ஒரே இனத்தில் வெள்ளையாகவும் நீலச்சாம்பலாகவும் வாத்துகள் இருப்பது எப்படி, நிறம் வழிவழியாக எவ்வாறு இறங்குகிறது என்பதே அவருடைய கேள்வி. கோடை நடுவில் இவ்வாத்துகள் சிறகிறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்க்கும்; அந்நாட்களில் அவற்றால் பறக்க இயலாது. குஞ்சுகளும் பறக்கத் தொடங்கியிரா. அப்போது மாணவரும் தன்னார்வலரும் வரிசையாகப் பரந்து நின்று, அவசரப்படாமல், ஓசையெழுப்பாமல், வாத்துக் கூட்டத்தை நடத்திச் சென்று வலைப்பட்டியில் அடைப்பர். வயல்வெளியில் வாத்துக்கிடை போடும் மேய்ப்பரைப் பார்த்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. ஒருவர் முந்தினாலும் கூட்டம் சிதறிவிடும் என்பதை அவர்களும் அறிவார்கள். பிறகு ஒவ்வொரு வாத்துக்கும் காலில் எண்ணிட்ட வளையம். பால், வயது, நிறம் குறிப்பேட்டில்.

நிறத்தை அறியத் தொடங்கிய அந்த ஆய்வு சில பத்தாண்டுகளில் யாரும் கேளாத ஒரு கேள்விக்கு விடை தந்தது. வாத்துகள் பெருகிக்கொண்டே வந்தன. குளிர்காலத்தில் அவை தெற்கே சென்று அமெரிக்காவின் நெல், சோள வயல்களில் உரமிட்டு விளைந்ததைத் தின்று கொழுத்தன. முன்பு பசியால் இறந்திருக்கக்கூடியவை இப்போது பிழைத்து வடக்கே திரும்பின. திரும்பியவை கடலோரப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றன. இராபர்ட் செப்ரீசு என்னும் தாவரவியலறிஞரும் குழுவினரும் சிறு சிறு வேலியிட்டு வாத்து நுழையாமல் காத்த இடங்களில் புல் பசுமையாக நின்றது. வேலிக்கு வெளியே வெறும் சேறு. தெற்கே ஓர் உழவர் வயலில் இட்ட உரம், வடக்கே ஒரு நிலத்தைச் சேறாக்கியது என்னும் செய்தி, ஆண்டாண்டாக அதே இடத்தில் அதே முறையில் எழுதப்பட்ட குறிப்புகள் இன்றி வெளிப்பட்டிருக்க வழியே இல்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஓரிரு கோடை மட்டும் அங்கே தங்கிச் சென்ற இளைஞர்கள். தாம் எழுதியது எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்கு அப்போது தெரியாது.

தன்னார்வலரின் கையில் இருக்கும் அளவுகோல் எவ்வளவு வலிமை உடையது என்பதற்கு இன்னொரு சான்று. ஆங்கிலத்தில் ‘ரெட் நாட்’ எனப்படும் உள்ளான் தைமீரில் பிறந்து, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள மௌரித்தானியாவில் குளிர்காலத்தைக் கழிக்கும். போகும் வழியில் போலந்து நாட்டின் குடான்சுக் விரிகுடாவில் இளம்பறவைகள் இறங்கி இளைப்பாறும். அங்கே ‘குலிங்’ என்னும் நீர்ப்பறவைக் குழுவின் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் கோடை இறுதியில் அவற்றைப் பிடித்து, வளையமிட்டு, எடை பார்த்து, அலகின் நீளத்தை அளந்து, விடுவித்துவந்தனர். பல பத்தாண்டு அளவுகளை ஆய்வாளர்கள் தைமீரின் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டனர். தைமீரில் பனி உருகும் நாள் ஆண்டுக்கு ஏறத்தாழ அரைநாள் வீதம் முந்தி வந்திருந்தது. பனி முந்தி உருகிய ஆண்டுகளில் பூச்சிப்பெருக்கம் குஞ்சு பொரியும் முன்பே முடிந்துவிட, பிறந்த குஞ்சுகள் உடல் சிறுத்தும் அலகு குறுகியும் இருந்தன. அலகு குறுகியவை ஆப்பிரிக்கக் கரையில் ஆழப் புதைந்த கிளிஞ்சலை எட்டமாட்டாமல், கடற்புல்லின் வேரைத் தின்று பிழைக்க வேண்டியதாயிற்று. அவற்றுள் பல பிழைக்கவில்லை. இக்கண்டுபிடிப்பு 2016ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. வடக்கே வெப்பம் கூடியதன் விளைவு தெற்கே ஒரு பறவையின் பட்டினியாக வெளிப்பட்டதை, நடுவழியில் அளவுகோலோடு நின்ற தன்னார்வலரின் சில மில்லிமீட்டர்க் குறிப்புகள் காட்டின.

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: இன்று பறவையின் முதுகில் கருவி பொருத்திச் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்கிறார்களே, குறிப்பேடும் அளவுகோலும் எதற்கு? 2022ஆம் ஆண்டு அலாசுக்காவிலிருந்து புறப்பட்ட ஓர் இளம் மூக்கன், பிறந்து ஐந்து மாதமே ஆனது, எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து 11 நாளில் ஆசுத்திரேலியாவின் தாசுமேனியாத் தீவை அடைந்ததைக் கருவிதான் சொன்னது. உண்மை. ஆனால் அக்கருவியைப் பொருத்துவதற்கு யாரோ ஒருவர் பனிநிலத்தில் நடந்து அப்பறவையைக் கையில் ஏந்தியாக வேண்டியிருந்தது. கருவி இடத்தைச் சொல்லும்; அங்கே பறவை எதை உண்டது, கூட்டில் எத்தனை முட்டை, நரி வந்ததா என்பதை அருகில் இருந்து பார்த்தவரே சொல்வார்.

நரியைச் சொன்னதால் ஒன்றைச் சொல்லிவிட்டுச் செல்வோம். பனிநிலத்தில் லெம்மிங் என்னும் எலியினம் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும். அது பெருகிய ஆண்டில் நரிக்கு எலி போதும். உள்ளான் குஞ்சுகள் தப்பும். எலி அற்றுப்போன ஆண்டில் நரி கூடுகளைத் தேடி வரும். அந்த ஆண்டு வெப்பநாட்டுக் கடற்கரையில் எண்ணுபவர்க்கு இளம்பறவை அரிதாகவே தென்படும். தமிழ்நாட்டின் கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக வளையமிட்டுவரும் கொசு உள்ளான்களும் இப்பனிநிலத்துப் பிள்ளைகளே. இலங்கையின் மன்னாரில் கருவி பொருத்தப்பட்ட கடற்காகங்கள் உருசியாவின் வட விளிம்புவரை சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கோடியக்கரை, மன்னார், கோலா குலா ஆகிய மூன்றும் தமிழர் வாழும் மண்ணில் அல்லது அதை ஒட்டி அமைந்த கரைகள்.

இனி, மகிழ்ச்சி தராத ஒரு பகுதி. கள உதவியாளரைப் புகழும்போது கூலியைப் பற்றிப் பேசாதிருப்பது வழக்கம். நாம் அப்படி விட்டுவிட முடியாது. தோட்டப்புறத்தில் பெரட்டுக்கு நின்று, விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் பால்வெட்டச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஊதியமின்றி உழைப்பது உயர்ந்தது என்று எவரேனும் நமக்குச் சொன்னால் சற்று நின்று யோசிப்பது நம் கடமை. பனிநிலத்துக்குத் தன்னார்வலராகச் செல்வோரில் பலர் தம் பயணச்செலவைத் தாமே ஏற்பவர்கள். சில திட்டங்களில் பங்கேற்கவே கட்டணம் செலுத்த வேண்டும். வசதியுள்ள வீட்டுப்பிள்ளைக்கே அக்கதவு எளிதாகத் திறக்கிறது என்பது மறைக்கக்கூடாத உண்மை. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்வது தன்னார்வம். ஒருவர் வாழ்வுக்கு வேண்டிய வேலையை அவரிடம் ஊதியமின்றி வாங்குவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய மாணவர்க்குக் கற்பித்தாக வேண்டும்.

கூலியைப் போலவே பெயரும் மறைகிறது. ஆல்பிரட் ரசல் வாலசு என்னும் அறிஞர் 1854 முதல் 1862 வரை நம் தீவுக்கூட்டத்தில் சுற்றி உயிரினங்களைத் திரட்டினார். சரவாக்கில் அவரிடம் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் சமையலுக்கென வந்து, பறவை சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, தலையாய உதவியாளரானார். 1858ஆம் ஆண்டு பாச்சான் தீவில், தோளிலிருந்து நீண்ட வெண்ணிற இறகுகள் எழும் ஒரு விந்தைப் பறவையை முதலில் கொண்டுவந்து காட்டியவர் அலியே. அறிவியல் உலகம் அப்பறவைக்கு வாலசின் பெயரைச் சூட்டியது. வாலசு நன்றி மறவாதவர். தம் நூலில் அலியைக் குறிப்பிட்டார், தம் தன்வரலாற்றில் அவருடைய படத்தையும் சேர்த்தார். அவ்வளவு நல்ல முதலாளியிடம் இருந்தும் பறவையின் பெயரில் அலி இல்லை. நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. பத்து காஜாவை அடுத்த கெல்லி மாளிகையை எழுப்பத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். கொள்ளைநோய் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. அருகில் மாரியம்மன் கோயில் நிற்கிறது. மாளிகைக்கு வில்லியம் கெல்லி சிமித்தின் பெயர் நிலைத்தது. சுவரெழுப்பியவர்களின் பெயர்களைத் தேடுவோர்க்குக் கிடைப்பது அரிது. இன்றைய எண்ணும் முறைகளில் ஒரு நன்மை உண்டு: குறிப்பேட்டின் முதல் வரியிலேயே நாள், இடம், நேரம் ஆகியவற்றோடு பார்த்தவர் பெயரையும் எழுத வேண்டும். பெயரில்லாத குறிப்பைத் தரவாக ஏற்பதில்லை. நம் மாணவர் தம் பெயரைத் தமிழிலேயே அங்கே எழுதட்டும்.

இப்போது கிந்தாவுக்கு வருவோம். ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக ஈயம் விளைந்த பள்ளத்தாக்கு இது. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் செல்லும் வழியில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பலை மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். 1938இல் கட்டப்பட்டு 1982வரை நிலத்தைத் தோண்டி நீராக்கிக்கொண்டே நகர்ந்த, ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ள பொறி அது. 1985ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈயவிலை சரிந்தபின் தொழில் ஓய்ந்தது, குட்டைகள் எஞ்சின. குட்டைக்கரையில் நாணலும் புதரும் வளர்ந்தன, மீன் பெருகியது, பறவைகள் வந்தன. இன்று கிந்தா இயற்கைப் பூங்கா எனப்படும் அக்குட்டைப் பகுதி, தீபகற்ப மலேசியாவில் நாரையும் கொக்கும் கூட்டமாகக் கூடுகட்டும் பெரிய இடங்களுள் ஒன்று. சாம்பல் நாரை, செந்நாரை, பெரிய கொக்கு, இராக்கொக்கு ஆகியவற்றை அங்கே காணலாம். யாரும் திட்டமிட்டு உருவாக்கிய காடன்று. தோண்டிக் கைவிட்ட நிலம். கைவிட்ட நிலம் என்பதாலேயே எவரும் எளிதில் மீண்டும் தோண்டலாம், நிரப்பலாம். இங்கே இத்தனை கூடு இருந்தன என்று எழுதி வைத்திருந்தால்தான், அவை குறைந்தபோது குறைந்தன என்று சொல்ல முடியும். எழுதாத நிலத்துக்கு வழக்குரைக்க யாராலும் இயலாது.

எழுதும் மரபு நம் நாட்டில் உண்டு. மலாயா இயற்கைக் கழகம் 1940ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்றைய மலேசிய இயற்கைக் கழகம் அதன் தொடர்ச்சி. சப்பானியர் ஆட்சிக்காலத்தில் சாங்கி முகாமில் அடைபட்டிருந்த மெடோக் என்னும் காவல்துறை அதிகாரி, அங்கிருந்தே மலாயாப் பறவைகளைப் பற்றிய அறிமுக நூலை எழுதினார். போருக்குப் பின் அது அச்சேறியது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரியில், பெரிதும் தன்னார்வலராலேயே நடைபெற்றுவருகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நாமும் அதே சனவரியில் பொங்கல் வைக்கிறோம். பால் பொங்கிய பின் அரைமணி நேரம் குட்டைக்கரைக்குச் செல்வதற்குத் தடையொன்றும் இல்லை.

இங்கேதான் மொழி குறுக்கே வருகிறது. நம் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு நீர்ப்பறவையைக் காட்டிக் கேட்டால், வெள்ளையாயின் கொக்கு, மற்றெல்லாம் குருவி. பாட்டனார் காலத்தில் அப்படி இல்லை. எருமை முதுகில் நிற்பது உண்ணிக்கொக்கு. கரையில் அசையாது நின்று, நாம் நெருங்கியதும் வெண்சிறகு விரித்துப் பறப்பது மடையான். வாலை ஆட்டிக்கொண்டு புதருக்குள் ஓடுவது கானாங்கோழி. நீரில் பாய்ந்து மீனைக் காலால் அள்ளுவது விரால் அடிப்பான். கடைசிப் பெயரைச் சற்று நினைத்துப் பாருங்கள். பறவை செய்யும் தொழில் முழுவதும் பெயருக்குள் இருக்கிறது. பவளக்காலி என்றால் காலின் நிறம் தெரிந்துவிடும். பொரி உள்ளான் என்றால் முதுகில் பொரி தூவினாற்போன்ற புள்ளிகள் தெரிந்துவிடும். கொசு உள்ளான் என்றால் அளவு தெரிந்துவிடும். இப்பெயர்களை வைத்தவர்கள் கூர்ந்து பார்த்தவர்கள். பெயரை இழந்தவர் அப்பறவைக்கும் பக்கத்துப் பறவைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கும் பழக்கத்தையும் இழக்கிறார். குருவி என்னும் ஒரே சொல்லால் எண்ணிய கணக்கு எந்த ஆய்வுக்கும் உதவாது.

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டை இலக்கிய வகுப்பில் வறுமையின் பாட்டாகவே கற்பிக்கிறோம். அதைக் களக் குறிப்பாகவும் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். காலின் நிறத்தைச் சொல்கிறார். அலகின் நிறத்தையும் வடிவையும், பிளந்த பனங்கிழங்கை ஒப்பிட்டுச் சொல்கிறார். இணையாக வருவதைச் சொல்கிறார். தெற்கே சென்று மீண்டும் வடக்கே திரும்பும் வழக்கத்தைச் சொல்கிறார். இவ்வளவும் இருந்தால் இன்றைய பறவையியலார் இனத்தைத் தேடிச் செல்ல முடியும். குளிர்காலத்தில் தென்னிந்தியா வரும் செங்கால் நாரை என்று முடிவு செய்யவும் முடியும். நாளும் எண்ணிக்கையும் மட்டும் குறை.

நாங்கள் ஆசிரியர் சிலர் மாணவரோடு குட்டைக்கரைக்குச் செல்லும்போது கடைப்பிடிக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறோம். பத்துப் பேருக்கு மேல் அழைத்துச் செல்வதில்லை. கைவிட்ட ஈயக்குட்டைகளின் கரை சரியும், நீர் கரையிலேயே ஆழமாக இருக்கும் என்பதால் எவரும் விளிம்புக்குச் செல்லக்கூடாது என்பது முதல் விதி. கூடு கட்டும் காலத்தில் கூட்டுமரங்களை நெருங்குவதில்லை. நாம் நெருங்கினால் தாய்ப்பறவை எழும், வெயிலில் குஞ்சு வாடும். தொலைநோக்கி இரண்டு போதும், முறைவைத்துப் பார்க்கலாம். ஒருவர் பார்த்துச் சொல்வார், ஒருவர் எழுதுவார், ஒருவர் நேரம் பார்ப்பார். அரைமணி என்றால் அரைமணி. சுவையாக இருக்கிறதென்று நீட்டுவதில்லை, சலிப்பாக இருக்கிறதென்று குறைப்பதும் இல்லை. பெயர் தமிழில், அருகில் மலாய்ப் பெயர், முடிந்தால் அறிவியற்பெயர். மலாய்ப் பெயர் ஏன் என்று ஒரு மாணவி கேட்டார். நாம் எழுதியதை நாளை படிக்கப் போகும் பூங்காக் காவலர்க்கு அது தேவை என்றோம். இனம் தெரியாதபோது ‘உள்ளான், இனம் தெரியவில்லை’ என்று எழுதுவோம். ஊகித்து எழுதிய பெயர் மற்றெல்லாக் குறிப்பின் மதிப்பையும் கெடுக்கும். ஒன்றும் வராத நாளில் ‘இல்லை’ என்று எழுதி, நாளும் நேரமும் இட்டுக் கையொப்பமிடுவோம். மாணவர்க்குக் கற்பிக்க மிகக் கடினமானது இதுவே. வெறும் பக்கத்தைக் காட்டி மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சுகிறார்கள்.

கோலா குலாவுக்குச் செல்ல விரும்பும் பள்ளிகள் ஓதநேரத்தை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் கண்ணுக்கெட்டாத தொலைவில் சேற்றில் பரந்து மேயும், எண்ண இயலாது. நீர் ஏற ஏற அவை கரையை நோக்கித் தள்ளப்பட்டு ஓரிடத்தில் கூடும். உயரோதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் அமர்ந்துவிடுவது நல்லது. ஏப்ரலில் அவை வடக்கே புறப்படும். அதற்குமுன் சாம்பல் நிற இறகு மாறி, சில இனங்களின் மார்பும் வயிறும் செங்கல் நிறம் கொள்ளும்; பனிநிலத்துக்கான உடை அது. மார்ச்சு இறுதியில் செல்பவர் அதைக் காணலாம்.